பேசுகிற கத்தி

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு கறுத்துப்போனதைப் பார்த்ததும் அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

தூசி என்று நினைத்துத்தான் துடைத்தாள். தூசி சாம்பல் நிறத்தில் வரும். இது மையைப்போல ஒட்டிக்கொண்டு வந்தது. பஞ்சு பட்ட இடத்தில், கத்தியின் அலகு பிடிக்குள் நுழைகிற ஓரத்தில், சுண்டுவிரல் நகமளவுக்கு ஒரு பளபளப்பு தெரிந்தது. பல தலைமுறைக் கறுப்பு என்று அவள் கணவர் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோன அந்தக் கறுப்பில், அவள் கை பட்ட மாத்திரத்தில் ஓட்டை விழுந்துவிட்டது.

அவர் உயிரோடு இருந்தவரை, கத்திகள் இருந்த அந்த அலமாரியை அவள் தொட்டதில்லை. தொடாதே என்று அவர் ஒருநாளும் சொன்னதுமில்லை. கல்யாணமான புதிதில் ஒருநாள் பூட்டுப்போட்ட அலமாரி ஒன்று வாங்கி வந்தார், சாவியைத் தன் மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். ஆம்பளைக்குத் தனக்கென்று ஒரு மூலை வேண்டும்போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். பிள்ளைகள் இல்லாத வீட்டில் மூலைகளுக்குப் பஞ்சமில்லை.

நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிற வேலை அவருக்கு. வேலை முடிந்து வந்தால் மடக்குக்கத்திகள். பழைய கத்திகளைத் தேடி வாங்குகிறவர்களின் சங்கம் ஒன்று இருந்தது, அதில் அவர் மதிப்பான ஆள். சாயங்காலங்களில் சன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காதருகே வைத்துத் திறந்து மூடுவார். மடக்கும்போது உள்ளிருக்கும் வில் அலகைச் சுண்டி இழுத்து டக்கென்று உட்காரவைக்கும். அந்தச் சத்தம் சுத்தமாக இருந்தால் கத்தி பேசுகிறது என்பார்கள் அவர்கள். சத்தம் மழுங்கியிருந்தால் ஊமைக்கத்தி.

"அது பேசறதைக் காது குடுத்துக் கேக்கறீங்களே, நான் எவ்வளவு நேரமா பேசிக்கிட்டிருக்கேன்?" என்பாள் அவள்.

"கேக்குதே."

"என்ன சொன்னேன், சொல்லுங்க பாப்போம்."

"வினிகர் தீந்துபோச்சுன்னு சொன்னே."

சரியாகத்தான் சொல்வார். அதற்குமேல் ஒன்றும் சொல்ல மாட்டார்.

அவர் போய் மூன்று மாதம் ஆகிறது. சங்கத்தில் அவர் நினைவாக ஒரு கண்காட்சி வைக்கிறார்கள். நடுக்கண்ணாடிப் பெட்டியில் அவர் உயிராக வைத்திருந்த, அலகில் சிறகு முத்திரை குத்திய கத்தி, கீழே அவர் பெயர். அதற்காகத்தான் அவள் முதல்முறையாக அலமாரியைத் திறந்தாள். சிறகு முத்திரையை எடுப்பதற்கு முன்னால் வேறொரு கத்தியைத் தேடினாள். புது மணப்பெண்ணாக இருந்தபோது அவருக்காக அவள் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடிபோல ஆக்கிக் கொடுத்த ஒரு கத்தி. எல்லாக் கத்திகளும் கறுப்பும் சாம்பலுமாக ஃபிளானல் துணியில் தூங்கின. அவளுடைய பளபளக் கத்தியை மட்டும் காணோம். யாருக்காவது கொடுத்திருப்பார். மனசு கொஞ்சம் சுருங்கியது. அதை நினைத்துக்கொண்டேதான் சிறகு முத்திரையைத் துடைக்கப் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தாள்.

கத்தியை வாங்கிப்போக வந்தவர் அவருடைய சங்கத்துச் சிநேகிதர். யார் கத்தியைப் பார்த்தாலும் முதலில் துருவைக் கண்டுபிடிக்கிறவர் என்பதால் எல்லாரும் அவரைத் துரு என்றே கூப்பிட்டார்கள், அவர் மனைவி உட்பட.

"என்ன அண்ணி பண்ணி வெச்சிருக்கீங்க?"

"தொடச்சேன்."

"எதால?"

"ஸ்பிரிட்."

"ஸ்பிரிட்டா? கத்திக்கு என்ன, ஊசியா போடப்போறீங்க?"

துரு கத்தியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். முகத்தில் கேலி வடிந்து வேறேதோ ஏறியது.

"ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. நெசமான கறுப்பு இவ்வளவு லேசா வராது. எனக்குத் தெரிஞ்சவரைக்கும். எனக்கு எல்லாம் தெரியும்னு சொல்ல வரலை."

"அப்படின்னா?"

"சங்கத்துல ரெண்டொருத்தர் ரொம்ப நாளா முணுமுணுத்துக்கிட்டிருக்காங்க. சிறகு முத்திரைல போலி நெறைய. இதுவும் அதுல ஒண்ணுன்னு. அண்ணன் காதுல விழாம பாத்துக்கிட்டேன்." கத்தியை மெல்ல மடக்கினார். டக்கென்று தெளிவாகப் பேசியது. "இதைக் கண்ணாடிப் பெட்டில வெச்சு, அண்ணன் பேரைக் கீழ எழுதி, அப்புறம் போலின்னு ஆச்சுன்னா... லென்ஸ் மேடம்கிட்ட காட்டிருவோம் அண்ணி. அவங்க சொன்னா சொன்னதுதான்."

அருங்காட்சியகத்தில் உலோகப் பிரிவைப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்குச் சங்கத்தார் வைத்த பெயர் லென்ஸ்.

பஸ்ஸில் போகும்போது துரு முன்னால் நின்றுகொண்டார். அவளுக்குச் சன்னலோரம் கிடைத்தது. மடியில், கைப்பைக்குள், ஃபிளானலில் சுற்றிய கத்தி.

ஒன்று, கறுப்பு நிஜம். அவர் ஆயுசு முழுக்கக் காப்பாற்றியதை அவள் ஒரு துடைப்பில் கெடுத்துவிட்டாள். அல்லது, கறுப்பு போலி. அவர் ஆயுசு முழுக்க ஏமாந்திருக்கிறார், நாளைக்கு ஊர் சிரிக்கும். நான் கெடுத்ததாகவே இருக்கட்டும் என்று முதலில் நினைத்தாள். அப்படி நினைத்ததில் தன் பேரிலேயே ஒரு மதிப்பு வந்தது. இரண்டு நிறுத்தம் தாண்டியதும் அந்த மதிப்புக்கு அடியில் வேறொன்று நெளிவதைக் கண்டுகொண்டாள். அது போலியாக இருந்தால்தான் என்ன? ஒவ்வொரு சாயங்காலமும் அவர் காதைப் பிடித்துவைத்திருந்த அந்தச் சாமான் பொய் சொல்லியிருந்தால்தான் என்ன? இந்த எண்ணம் அவளுக்குள் ஒரு சக்களத்தியின் குரலில் வந்தது. கைப்பையை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்து இருக்கையில் வைத்தாள். பஸ் வளைவில் திரும்பியபோது விழுந்துவிடும் என்று பயந்து மறுபடி மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

உலோகப் பிரிவு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. நீள மேஜை, அதன்மேல் பச்சை ரப்பர் விரிப்பு, வளைகிற கழுத்தோடு ஒரு விளக்கு, உருப்பெருக்கி, ஸ்டீல் தட்டில் வரிசையாகக் கூர்க்கம்பிகளும் சின்ன இடுக்கிகளும். உள்ளே நுழைந்ததும் அவளுக்குத் தான் வேலை பார்த்த இடம் ஞாபகம் வந்தது. பல் டாக்டர் ஒருவரிடம் இருந்தாள். ஓய்வு பெறும்வரை அதே ஆஸ்பத்திரிதான். ஆயுதங்களைக் கழுவி, கொதிக்கவைத்து, தட்டில் அடுக்கித் தருவது அவள் பொறுப்பு. எஃகில் ஒரு புள்ளி கறை இருந்தால் டாக்டர் அதைத் தட்டிலேயே திருப்பிப் போடுவார். அந்தச் சத்தத்துக்குப் பயந்தே அவள் கை சுத்தம் கற்றுக்கொண்டது. இங்கே தட்டில் ஒரு கம்பி தலைமாறிக் கிடந்தது. நேராக வைக்கத் துடித்த விரல்களை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

லென்ஸுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஜலதோஷம் வேறு. மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "உக்காருங்கம்மா. துரு சார், நீங்க மேஜையத் தொடாம உக்காருங்க" என்றாள்.

கத்தியை விரித்து விளக்கடியில் வைத்தாள். பளபளத்த இடத்தைப் பார்த்து "ம்" என்றாள். அந்த "ம்"மில் ஒன்றும் புரியவில்லை.

"இந்தச் சிறகு முத்திரை போட்டவர் பேரு இன்னிக்குவரைக்கும் யாருக்கும் தெரியாது" என்றாள், பாதி அவளுக்கும் பாதி தனக்குமாக. "ஆனா அவர் கை தெரியும். முத்திரைய இரும்பு பழுக்கக் காஞ்சிருக்கும்போதே குத்திருவார். அதனால சிறகைச் சுத்தி ஓரம் லேசா உப்பியிருக்கும். பின்னால வெட்டுன முத்திரைல ஓரம் தட்டையா, கூரா இருக்கும். இது உப்பியிருக்கு. நல்லது. ஆனா இதைக்கூடச் செய்ய ஆளிருக்கு."

சின்ன விளக்கு ஒன்றை எடுத்துக் கத்திப் பிடியின் பிளவுக்குள் பாய்ச்சினாள். கத்தியை இம்மி இம்மியாகத் திருப்பினாள். துரு இருமினார். லென்ஸ் நிமிர்ந்து முறைத்தாள்.

"இங்க பாருங்க. உள்ள, வில்லோட முதுகுல, அரம் போட்ட கோடு. எந்தப் பக்கம் சாயுது?"

"இடது" என்றார் துரு.

"சிறகு போட்டவர் இடக்கைக்காரர். போலி பண்றவங்க முத்திரைய உசிரக் குடுத்துச் செய்வாங்க. உள்ள எவன் பாக்கப்போறான்னு வலக்கையால அரத்தைப் போட்டு முடிச்சிருவாங்க. இது அவர் கத்திதான். அசல்."

துரு தொடையில் தட்டினார். "சொன்னேன்ல அண்ணி!"

"நீங்க எங்க சொன்னீங்க?" என்றாள் அவள். குரல் தனக்கே தூரத்தில் கேட்டது. அவர் ஏமாறவில்லை. மூச்சு இறங்கியது. பஸ்ஸில் பேசிய அந்தக் குரல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டது. அடுத்த மூச்சிலேயே மற்றது ஏறி வந்து உட்கார்ந்தது. "அப்ப நான்தான் கெடுத்துட்டேன்."

"அவசரப்படாதீங்க." லென்ஸ் பஞ்சுக்குச்சி ஒன்றால் பளபளத்த இடத்தின் ஓரத்தைத் தொட்டு, அதை உருப்பெருக்கியடியில் வைத்தாள். "நீங்க எடுத்தது பழைய கறுப்பு இல்ல. பழைய கறுப்பு அந்தா, ஆணியடில, துணி போகாத சந்துல மட்டும் மிச்சமிருக்கு. இது மை. படம் வரையற மை, மெழுகுல கொழச்சது. அதுக்கு அடில வினிகர் போட்டு ஊற வெச்ச தடம். ரொம்ப வருஷம் முன்னாடி யாரோ இந்தக் கத்திய மொத்தமா தேய்ச்சு வெள்ளையாக்கியிருக்காங்க. அப்புறம் யாரோ அதை மறுபடி கறுப்பாக்கியிருக்காங்க."

"எந்தப் பாவி?" என்றார் துரு.

"எந்தப் பாவியக் கேக்கறீங்க? தேய்ச்ச பாவி முரடு. வட்டம் வட்டமா தேய்ச்சுத் தள்ளியிருக்கு. கறுப்பாக்குன பாவி..." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மெல்லிசா ஒரு பூச்சு, அது காஞ்சதும் இன்னொண்ணு. ஒரு நாள், ரெண்டு நாள் வேலை இல்ல இது. ஏமாத்தறவனுக்கு இவ்வளவு பொறுமை இருக்காதுங்க."

படம் வரைகிற மை என்றதுமே அவள் அசையாமல் ஆகிவிட்டாள்.

"தேய்ச்சவங்க போட்ட பொடிகூட இன்னும் சிறகுக்குள்ள இருக்கு. பாக்கறீங்களாம்மா?"

ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். முதலில் இமைமயிர்தான் தெரிந்தது. பிறகு ஒரு சிறகு எழுந்தது. சிறகின் ஒவ்வொரு இழைக்கும் நடுவில் ஒரு பள்ளம், பள்ளத்தில் கறுப்பு, கறுப்பு உதிர்ந்த இடங்களில் அதற்கடியில் வெளிறிய ரோஸ் நிறத்தில் ஒரு பொடி.

அந்த ரோஸை அவளுக்குத் தெரியும். வருஷக்கணக்காக நகக்கண்ணில் இருந்த ரோஸ்.

"பல்லுக்கு மெருகு போடற பொடி" என்றாள்.

"பல்லா?" என்றார் துரு.

கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவர் அளவை முகாமுக்கு வெளியூர் போயிருந்தார். அலமாரி இன்னும் வாங்காத காலம். மேஜை இழுப்பறையில் ஃபிளானலில் சுற்றிய ஒரே ஒரு மடக்குக்கத்தி, அட்டைக்கரியாக. பாவம், இவ்வளவு பத்திரமாக வைத்திருப்பதைத் துருப்பிடிக்க விட்டிருக்கிறாரே, ஆம்பளைக்கு என்ன தெரியும் என்று நினைத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து பொடியைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தாள். வேலை முடிந்த நேரமெல்லாம் தேய்த்தாள். விரல் நுனி வெந்து சிவந்தது. கத்தி நிலாபோல ஆனது. வெள்ளைத் துணி விரித்து, டாக்டரின் தட்டில் வைப்பதுபோல் நடுவில் வைத்து, அவர் வருகிற நேரத்துக்கு முகம் கழுவிக் காத்திருந்தாள்.

அவர் தோள் பையை இறக்கக்கூட இல்லை. நின்று பார்த்தார். 

"நீயா பண்ணினே?"

"நானேதான்."

தோள் பையை இறக்கி வைத்தார். பிறகு அவள் கையை எடுத்துத் திருப்பி, விரல் நுனிகளைப் பார்த்தார்.

"கை வலிக்கலையா?"

இத்தனை வருஷ வாழ்க்கையில் அவர் அவளிடம் கேட்டதிலேயே நெஞ்சைத் தொட்ட கேள்வி அதுதான். பேச்சில்லாத சாயங்காலங்களில் எல்லாம் அவள் அதை எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டாள். இந்த மனுஷனுக்குள் அப்படிக் கேட்கிற ஒருவர் இருக்கிறார், எப்போதாவது திரும்ப வருவார் என்று நம்பினாள்.

அதற்கடுத்த வாரங்களில் முன்னறையில் வினிகர் வாடை அடிக்க ஆரம்பித்தது. புட்டி புட்டியாகத் தீர்ந்தது. "வினிகர் எதுக்குங்க இவ்வளவு?" என்று கேட்டாள். தலையைத் தூக்காமல், "வயித்துக்கு நல்லது" என்றார். அடுத்த நாளே அவள் சின்ன வெங்காயத்தை உரித்து வினிகரில் ஊறப்போட்டாள். முதல் தடவை தட்டில் வைத்தபோது ஒரு கணம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாப்பிட்டார். அன்றிலிருந்து ஒருவேளை தவறியதில்லை. கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட, "வெங்காயம் கொண்டு வரலையா?" என்று கேட்டார்.

காலையில் காணோமென்று தேடிய பளபளக் கத்தி இதுதான். அவள் உருப்பெருக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் இரண்டு பேர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

அன்றைக்கு அவள் கையைத் திருப்பிப் பார்த்தபோது அவர் எதைப் பார்த்தார்? சிவந்த விரலையா, அந்தக் கறுப்பைக் கொன்ற ஆயுதத்தையா? கேட்டது பரிவா? இல்லை, கத்தாமல் இருப்பதற்காக வாயில் அகப்பட்ட ஏதோ ஒரு வார்த்தையா? அவளை நோகடிக்கக் கூடாதென்று ஒரு பொய்யைச் சொன்னார். அந்தப் பொய்க்காகத் தினமும் வினிகர் வெங்காயம் தின்றார். அவ்வளவு பிரியம் இருந்திருக்கிறது. ஆனால் அலமாரிக்குப் பூட்டும் போட்டார். தப்பு செய்தவளுக்குத் தப்பே தெரியாது. மன்னித்தவர் பூட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மெல்லிசு மெல்லிசாக மை தடவிக்கொண்டிருந்தார். அவள் இந்தப் பக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு தடவை திட்டியிருந்தால் அழுதிருப்பாள். ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பாள். அப்புறம் பேசியிருப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவளும்தான் மை தடவியிருப்பாளே. சுத்தமான கை அவளுக்கு, நடுங்காத கை.

"அம்மா?" என்றாள் லென்ஸ். "சான்றிதழ் எழுதணும். செஞ்சவர், அசல்ங்கறதெல்லாம் போட்டுட்டேன். மேற்பரப்புன்னு ஒரு வரி வரும். பின்னாளில் தேய்த்து, மறுபடி கறுப்பேற்றப்பட்டது, யாரென்று தெரியவில்லை. அப்படிப் போடட்டா?"

"அந்த வரியே வேணாம் மேடம்" என்றார் துரு. "அண்ணன்தான் ஏமாத்தினார்னு பேசுவாங்க."

"தெரியும்" என்றாள் அவள்.

இருவரும் திரும்பினார்கள்.

"யாருன்னு தெரியும். எழுதிக்குங்க. தேய்ச்சது பொண்டாட்டி. கறுப்பாக்குனது புருஷன்."

லென்ஸின் பேனா நின்றது. துரு வாயைத் திறந்து மூடினார்.

"அண்ணி, பெட்டிக்குக் கீழ இதை எழுதி வெச்சா எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நான் பக்கத்துலயே நிக்கறேன், எங்கிட்ட கேக்கட்டும், சொல்றேன்." பிறகு கொஞ்சம் தணிந்து, "நாங்க ரெண்டு பேரும் சேந்து செஞ்ச வேலை வேற ஒண்ணும் இல்லை" என்றாள்.

லென்ஸ் எழுதினாள். எழுதி முடித்து, "இந்தப் பளபளப்பான எடத்தை மட்டும் மூடித் தரட்டுமா? வெளியே தெரியாது" என்று கேட்டாள். குரல் இளகியிருந்தது. ஜலதோஷமாகவும் இருக்கலாம்.

"வேணாம்மா. தெரியட்டும்."

கத்தியைத் துருவே சங்கத்துக்கு எடுத்துப் போவதாக ஏற்பாடு. பஸ் நிறுத்தம்வரை கூடவே நடந்தார். நடைபாதையில் ஆட்கள் குறைவு. ஏதோ கேட்க வருவதும் விழுங்குவதுமாக இருந்தவர் கடைசியில் கேட்டேவிட்டார்.

"அண்ணன் இதைப்பத்தி உங்ககிட்ட ஒரு வார்த்தைகூடக் கேக்கலையா?"

"கேட்டாரே."

"என்னன்னு?"

"கை வலிக்கலையான்னு."

துரு தலையை ஆட்டினார். புரிந்து ஆட்டினாரா என்று அவள் பார்க்கவில்லை. பஸ் வந்துவிட்டது.

வீட்டில் விளக்கைப் போட்டாள். அலமாரிக் கதவு, காலையில் விட்டபடி, பூட்டாமல் திறந்தே கிடந்தது. சன்னலோர நாற்காலி காலியாக இருந்தது. செருப்பைக் கழற்றாமலே குளிர்பெட்டியைத் திறந்தாள். கதவுத்தட்டில், மூன்று மாதமாக எடுக்கவும் மனமில்லாமல் கொட்டவும் மனமில்லாமல் வைத்திருந்த வெங்காய ஜாடி. அவர் போவதற்கு இரண்டு நாள் முன்னால் ஊறப்போட்டது. வெங்காயங்கள் கண்ணாடிபோலத் தெளிந்திருந்தன.

அவளுக்குப் புளிப்பு ஆகாது. இத்தனை வருஷத்தில் ஒன்றைக்கூட வாயில் போட்டதில்லை. இன்றைக்கு ஒன்றை எடுத்துக் கடித்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது, பல் கூசியது, முகம் கோணியது. துப்பாமல் மென்று விழுங்கினாள். இதையா? இதையா தினமும்? ஆஸ்பத்திரியில் கேட்டது நாக்கு பழகிப்போனதாலா, அவள் கொண்டுவர ஒரு வேலை இருக்கட்டும் என்றா?

ஜாடியைக் கையில் பிடித்தபடியே முன்னறைக்கு வந்து நாற்காலிக்கு எதிரில் நின்றாள்.

"பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றாள், வீடு அதிர. அந்த வீட்டில் அவ்வளவு சத்தமாக யாரும் பேசியதில்லை.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு, இன்னொன்றை எடுத்தாள்.